கூலியும் இல்லை, கோலும் இல்லை!

தொழிற்சாலை வாயிலிலே நின்றுகொண்டு மேஸ்திரி "வா" என்கிறார், தொழிலாளி வருகிறார். "நில்" என்கிறார், நிற்கிறார். ஏனென்று ஆராய வேண்டியதில்லை. மேஸ்திரியின் கையிலே வருகைப் பதிவேடு இருக்கிறது. அதிலே விழும் ஒரு கோடு மாதக் கடைசியிலே ஒரு நாள் கூலியாக மாறுகிறது. காவல் நிலையத்து அதிகாரி "உட்கார்" என்கிறார், உட்காருகிறோம். அவர் கையிலே கோல் இருக்கிறது.

தொண்டர்களை நடத்திச் செல்ல முன்வருகிறானே, அவன் கையிலே என்ன இருக்கிறது? கொடுப்பதற்குப் பணப்பை இல்லை. அடிப்பதற்குக் கோலும் இல்லை. பகலெல்லாம் உலைக்கு முன்னால் வெந்து, ஷிப்டு முடிந்து, அழுக்குச் சட்டையோடு சங்கக் கூட்டத்துக்கு வருகிற தோழர், விரும்பினால் வருவார். விரும்பாவிட்டால் வீட்டு வாசலிலே காற்று வாங்குவார். யார் கேட்க முடியும்? கும்மிடிப்பூண்டி சிப்காட் வட்டாரத்திலே சங்கம் நடத்திப் பார்த்தவர்கள் இதை நன்கறிவர். முதல் கூட்டத்திலே நிற்க இடமிராது. மூன்றாவது கூட்டத்திலே நாற்காலிகளைப் பார்த்துப் பேச வேண்டியிருக்கும்! "மக்களுக்கு உணர்ச்சி போதவில்லை" என்று தலைவர் சலித்துக்கொள்வார். உணர்ச்சி போதவில்லையா, அல்லது வேறு ஏதேனும் போதவில்லையா என்று நாம் கேட்கிறோம்.

விடை தேடி நெடுந்தொலைவு போகவேண்டாம். கும்மிடிப்பூண்டியிலே ரயிலேறிப் பொன்னேரியிலே இறங்கிக் கிழக்கே போனால் பழவேற்காடு. ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் உப்பேரி, நடுவே மணல் திட்டு. அங்கிருந்து தெற்கே எண்ணூர் முகத்துவாரம் வரையிலே, பக்கிங்காம் கால்வாய்க்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடப்பது காட்டுப்பள்ளித் தீவு. காளாஞ்சி, கருங்காலி, காட்டுப்பள்ளிக் குப்பம் என்று ஊர்கள். கருங்காலி என்றதும் தொழிற்சங்கத் தோழர்கள் முகம் சுளிக்க வேண்டாம்! கருங்காலி என்பது வைரம் பாய்ந்த மரத்துக்கும் பெயர்.

இந்த நீர்க்கரையிலேதான், கூலியும் கோலும் இல்லாமல் மனிதர்களை முறைப்படி நிற்கவைக்கும் ஏற்பாடு ஒன்று தலைமுறை தலைமுறையாக நடந்து வந்திருக்கிறது. அதற்குப் 'பாடு' என்று பெயர்.

ஏரியிலே எல்லா இடமும் ஒன்றல்ல. கடலும் ஏரியும் கலக்கும் வாயருகே ஓதம் ஏறி இறங்கும்போது இறால் கூட்டமாக வரும். அங்கே வலை கட்டியவனுக்குக் கூடை நிறையும். தள்ளிக் கட்டியவனுக்குக் கூடையின் அடி தெரியும். 'முந்தியவனுக்கே இடம்' என்று விட்டுவிட்டால் என்ன ஆகும்? வலுத்தவன் முந்துவான். பணக்காரன் ஆள் வைத்து முந்துவான். நள்ளிரவிலேயே போய் இடம் பிடிப்பான். விடிவதற்குள் வலையும் கிழியும், மண்டையும் உடையும்! ஆகவே நல்ல இடங்களைப் பாடுகளாகப் பிரித்தார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள், எந்த நாளிலே எந்தப் பாட்டிலே யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொண்டார்கள். இன்று வளமான இடத்திலே இருப்பவன் நாளை இடம் மாறுவான். நேற்று வெறுங்கூடையோடு திரும்பியவனுக்கு நாளை முறை வரும்.

பாடு என்றால் உழைப்பு. பாடு என்றால் துன்பம். பாடு என்றால் கடலிலே கிடைக்கும் பங்கும்கூட. பாட்டாளி என்ற சொல்லே பாட்டிலிருந்து பிறந்ததுதானே! உழைப்பையும் துன்பத்தையும் பங்கையும் ஒரே சொல்லாலே குறித்த மொழி நம்முடையது.

இதிலே தலைவனுக்கு என்ன வேலை என்று பார்ப்போம். ஊருக்கு வரி செலுத்தும் குடும்பத்தார் தலைக்கட்டு எனப்படுவர். தலைக்கட்டு என்று கணக்கிலே ஏறியவனுக்குப் பாட்டிலே உரிமை உண்டு. ஊர்ப் பெரியவர்கள் கூட்டம் கூட்டுகிறார்கள். சீட்டுப் போடுவதை நடத்துகிறார்கள். தகராறு வந்தால் கேட்டுத் தீர்க்கிறார்கள். மாதச் சம்பளமில்லை. பிறகு ஏன் சொல்லுக்குக் கட்டுப்படுகிறார்கள்? சீட்டு எல்லோர் கண்முன்னாலும் போடப்படுகிறது என்பதனாலே! தலைவர் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் இரண்டு சீட்டு என்று ஒரே ஒரு தடவை நடக்கட்டும். மறுநாளே பாடு குலைந்துபோகும். ஆயிரம் மேடைப் பேச்சு அதை மீண்டும் ஒட்டவைக்காது. தலைவனின் செல்வாக்கு அவன் குரலிலே இல்லை, சீட்டுக் குடத்திலே இருக்கிறது!

இது பழவேற்காட்டுக்கு மட்டுமே உரிய அதிசயம் அல்ல. இலங்கையிலே நீர்கொழும்புக் காயலிலும், கேரளத்திலே கொச்சிக் காயல் பகுதியிலும் கட்டு வலைக்காரர்கள் இதே போன்று சீட்டும் முறையும் வைத்து மீன் பிடித்து வந்திருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று நகரத்தார் எண்ணிய மக்கள், நீரின் மேல் கோடு போட்டு, அந்தக் கோட்டை மதித்தும் வாழ்ந்தார்கள்!

ஆனால், புகழ்ந்துவிட்டுப் போய்விட நமக்கு மனமில்லை. பாட்டிலே பங்கு யாருக்கு? பட்டினவர் ஊர்களுக்கு. அதே ஏரியிலே இடுப்பளவு நீரிலே அமிழ்ந்து, கையாலே சேற்றைத் துழாவி, பனையோலைப் பறியைப் பல்லாலே கடித்துப் பிடித்துக்கொண்டு இறால் பொறுக்குகிறார்களே இருளர் பெண்கள், அவர்களுக்கு அந்த நல்ல இடங்களிலே முறை கிடையாது. தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் கிடையாது. இறால் ஏற்றுமதிச் சரக்காகி விலை ஏறிய பிறகு, "எங்களுக்கும் ஏரியிலே இடம் வேண்டும்" என்று மற்ற ஊரார் கேட்டார்கள், சச்சரவு மூண்டது. கேட்டதிலே என்ன தவறு? ஓதம் சாதி பார்த்தா ஏறுகிறது? மீனவ ஊர்களிலே கட்டுப்பாட்டை மீறியவனை ஊர் விலக்குச் செய்யும் வழக்கமும் இருந்து வந்திருக்கிறது. கோல் இல்லை என்றோமே, இது கண்ணுக்குத் தெரியாத கோல்! தன் சாதிக்குள் நேர்மையாகப் பங்கிட்டு, வெளியே நிற்பவளுக்குக் கதவடைக்கும் தலைமையை நாம் பாதித் தலைமை என்றே சொல்லுவோம். முறை என்னும் கருத்து பெரிது. அதைச் சுற்றிப் போட்ட வேலிதான் சிறிது.

தொண்டர்களை இந்தக் கரை வேறு விதமாகவும் கண்டதுண்டு. 2017 சனவரி 28 அன்று விடியுமுன்னே, எண்ணூர்க் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய்க் கசடு எர்ணாவூர்க் கரையிலே கூழாக ஒதுங்கியது. உறிஞ்சு பொறிகள் வந்தன; கசடின் கனத்திலே திணறி நின்றன. கடைசியிலே வாளிதான் வென்றது! மீனவர்கள், மாணவர்கள், கடலோரக் காவற்படையினர் வரிசை வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிக் கசடை அள்ளினார்கள். மீண்டும் 2023 திசம்பரிலே, மிக்சாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்திலே எண்ணெய் பரவியபோது, மீனவர்கள் தங்கள் படகிலிருந்தே குவளையால் மொண்டு எடுத்தார்கள். உணர்ச்சி போதவில்லை என்று இவர்களைப் பார்த்து எவராவது சொல்ல முடியுமா? ஆட்கள் வந்தார்கள். போதாமற்போனவை கையுறையும், முழங்கால் மூடும் காலணியும், 'நீ இரண்டு மணி நேரம் அள்ளினாய், கரையேறு. அடுத்தவர் இறங்கட்டும்' என்று முறை வைக்கும் ஏற்பாடும்தான்.

இனிக் கடல் கடந்து ஒரு தீவுக்குப் போய் வருவோம். அங்கே தலைமை எப்படிக் கவிழ்ந்தது என்பதை அறிய வேண்டும்.

சிங்கப்பூருக்குத் தெற்கே சிறு தீவு ஒன்று. பெயர் புலாவ் செனாங். மலாய் மொழியிலே 'செனாங்' என்றால் சுகம். தொழிற்சங்கத் தலைவரும், பிற்காலத்திலே சிங்கப்பூரின் குடியரசுத் தலைவருமான தேவன் நாயரின் தலைமையிலே, சிறைகளை ஆராயும் குழுவொன்று 1960-ஆம் ஆண்டு இயங்கியது. குற்றவாளியை அடைத்து வைப்பதைவிட உழைப்பின் மூலம் மனிதனாக்குவது மேல் என்னும் எண்ணம் அக்காலத்திலே வலுத்திருந்தது. அவ்வாண்டு மே மாதம், விசாரணையின்றிக் காவலிலே வைக்கப்பட்டிருந்த இரகசியக் கும்பல்காரர்களிலே ஐம்பது பேர் அந்தத் தீவுக்கு அனுப்பப்பட்டார்கள். மேற்பார்வையாளர் டேனியல் டட்டன் என்ற அயர்லாந்துக்காரர். காட்டை வெட்டினார்கள், பாதை போட்டார்கள், குடியிருப்புகளை எழுப்பினார்கள். ஐம்பது பேர் முந்நூறுக்கும் மேலானார்கள். அதிகாரிகள் துப்பாக்கி ஏந்தவில்லை. உழைப்பு மனிதனை மாற்றும் என்று டட்டன் மனப்பூர்வமாக நம்பினார். வெளிநாட்டார் வந்து பார்த்து வியந்தார்கள்.

1963 சூலையிலே படகுத்துறை வேலை நடந்துகொண்டிருந்தது. வழக்கமான நேரத்துக்கு மேல் வேலை செய்யவேண்டும் என்று தச்சர்களுக்குக் கட்டளை. பதின்மூன்று தச்சர்கள் மறுத்தார்கள். டட்டன் அவர்களைத் திரும்பவும் சாங்கி சிறைக்கு அனுப்பிவிட்டார். கலகம் வரக்கூடும் என்ற எச்சரிக்கை அவர் காதுக்கு எட்டாமலில்லை. அவர் அதைப் பெரிதாக எண்ணவில்லை. சூலை 12 அன்று மண்வெட்டியும் கோடரியும் ஆயுதமாயின. டட்டனும், ஆறுமுகம் வீரசிங்கம், டான் கோக் ஹியான் என்ற இரு அதிகாரிகளும் கொல்லப்பட்டார்கள். மூன்று ஆண்டு உழைப்பிலே எழுந்த குடியிருப்பு ஒரு மணி நேரத்துக்குள் சாம்பலாயிற்று. நெடிய வழக்கு நடந்தது. 1965 அக்டோபர் 29 அன்று பதினெட்டுப் பேர் தூக்கிலிடப்பட்டார்கள்.

கொலையை நாம் நியாயப்படுத்தவில்லை. கொன்றவர்களிலே கொடியவர்கள் இருந்தார்கள் என்பதையும் மறைக்கவில்லை. நாம் நோக்குவது அந்தப் பதின்மூன்று தச்சர்களை. "இன்று முடியாது" என்று அவர்கள் சொன்னபோது, அதைச் சொல்லுவதற்குரிய இடம் அந்தத் தீவிலே இல்லை. ஏன் முடியாது என்று கேட்க ஒரு கூட்டம் இல்லை. வேலையைப் பங்கிட ஒரு சீட்டு இல்லை. தலைவர் நல்லவர், தாமும் உழைத்தவர். ஆனாலும் முடிவு அவர் ஒருவருடையது. மறுத்தவனுக்குக் கிடைத்ததோ சிறை. துப்பாக்கியைத்தான் கரையிலே விட்டுவிட்டு வந்தாரே தவிர, கோலை விடவில்லை! அங்கிருந்தவர்கள் தாமாக வந்தவர்களல்லர், கொண்டுவரப்பட்டவர்கள் என்பது முதற் கோணல். தாமாக வந்தவர்களையே கொண்டுவரப்பட்டவர்களைப்போல நடத்தும் தலைவர்கள் நம் வட்டாரத்திலும் உண்டு. பெயர் சொல்ல வேண்டியதில்லை, அவரவர் ஊரிலே தேடிக்கொள்ளலாம்.

மீண்டும் காட்டுப்பள்ளிக்கு வருவோம். அங்கே லார்சன் அண்டு டூப்ரோ நிறுவனம் கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் அமைத்தது. அதற்காக இடம்பெயர்ந்த குப்பத்து மக்கள் வேலைக்கும், கிடைத்த வேலையை நிரந்தரமாக்குவதற்கும் போராட வேண்டியிருந்தது. 2018-ஆம் ஆண்டு துறைமுகம் அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. ஏறத்தாழ 330 ஏக்கர்த் துறைமுகத்தை 6,000 ஏக்கருக்கும் மேலாக விரிப்பது, அதற்காகக் கடலையும் தூர்ப்பது என்று திட்டம் எழுந்தது. 2021 சனவரி 22 அன்று மக்களிடம் கருத்துக் கேட்பதற்கு நாள் குறித்தார்கள், மீனவ ஊர்கள் எதிர்ப்புக் கொடி உயர்த்தின, கூட்டம் தள்ளிப்போயிற்று. 2023 செப்டம்பர் 5 என்று மறுபடியும் குறித்தார்கள், மறுபடியும் தள்ளிப்போயிற்று.

கூட்டம் தள்ளிப்போனால் வெற்றி என்று பட்டாசு வெடிப்பது எளிது. தொண்டர் தலைவனுக்குக் கடினமான காலம் அப்போதுதான் தொடங்குகிறது. எதிரே நின்று முழங்க ஆளில்லை. படகுக்காரன் படகுக்குப் போகிறான். காத்திருக்கும் நாட்களிலே ஒருவனுக்கு ஒப்பந்த வேலை ஆசை காட்டப்படும். இன்னொருவனுக்கு நிவாரணத் தொகை ஆசை காட்டப்படும். ஊர் இரண்டாகும். வேலை கேட்கிற இளைஞனைத் துரோகி என்று ஏசுவதா? அவன் வீட்டிலே அடுப்பு எரியவேண்டாமா? மீஞ்சூரிலும் அத்திப்பட்டிலும் கும்மிடிப்பூண்டியிலும் ஆலைக் கூலியாக நிற்பவர்களிலே எத்தனை பேர் கடலையும் வயலையும் விட்டு வந்தவர்கள் என்பது நம் தோழர்களுக்குத் தெரியாததா? துறைமுகத்திலே கூலி கேட்பவனும், ஏரியிலே இறால் தேடுபவனும் ஒரே வீட்டு அண்ணன் தம்பிகளாகவே பல இடங்களிலே இருக்கிறார்கள்.

ஆகவே அந்தக் கரையிலே தொண்டர்களைத் திரட்டும் நண்பர்களிடம், நம் சங்கக் கிளைகளிடமும் கூடத்தான், ஒன்று கேட்க விரும்புகிறோம். அடுத்த முறை கருத்துக் கேட்புக்கு நாள் குறிக்கப்படுமானால், யார் பேசுவது, எந்தக் கோரிக்கையை முதலிலே வைப்பது, வசூலான பணம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்பதையெல்லாம் ஊர் நடுவிலே வைத்து முன்கூட்டியே முடிவு செய்வீர்களா? அந்தக் கூட்டத்துக்குப் போகும் படகிலே, துறைமுக வாயிலிலே ஒப்பந்தக் கூலியாய் நிற்கும் இளைஞனுக்கு ஓர் இடம் உண்டா? பறியைப் பல்லிலே கடித்துக்கொண்டு சேற்றைத் துழாவும் இருளர் பெண்ணுக்கு ஓர் இடம் உண்டா?