கடனும் நாணயமும்: தாம்பரம் வட்டாரச் சிறுவணிகர்கள் வங்கிக் கடன் தகுதி பெறும் வழிமுறைகள்

ஆய்வுச் சுருக்கம்

தென்சென்னைப் புறநகரில் தண்டல் கடனை நாள் தவறாமல் அடைத்துவரும் சிறுவணிகர், வங்கியின் பார்வையில் கடன் வரலாறு அற்றவராகவே நிற்கிறார். இவ்விடைவெளி தோன்றும் காரணத்தையும், வங்கியை அணுகுவதற்கு முன்னர் அவர் செய்துகொள்ள வேண்டிய ஆயத்தங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சிறுவணிகம், தண்டல், கடன் தகுதி, தாம்பரம், உத்யம் பதிவு

முன்னுரை

தமிழில் ‘நாணயம்’ என்னும் சொல் காசையும் நேர்மையையும் ஒருசேரக் குறிக்கிறது. ‘கடன்’ என்னும் சொல் கடமை என்ற பொருளில் புறநானூற்றின் 312ஆம் பாடலிலேயே ஆளப்பட்டுள்ளது. சொன்ன நாளில் பணத்தைத் திருப்பித் தருபவரை ‘நாணயமானவர்’ என்று வணிகர்கள் இன்றும் மதிக்கின்றனர். அம்மதிப்பு தெருவிலும் சந்தையிலும் செல்லுபடியாகும். வங்கியோ ஆவணத்தைக் கொண்டே ஒருவரை அறிகிறது. ஆகவே, கடன் தகுதியை வளர்த்தல் என்பது ஏற்கெனவே உள்ள நாணயத்தை ஆவணமாக்கும் பணியே என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

ஆய்வுக்களம்

தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய பேரூராட்சிகளும் இணைந்து, 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானது. தாம்பரத்தில் 1984இல் தொடங்கப்பட்ட மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம், பல்லாவரம், குரோம்பேட்டைப் பகுதியின் தோல் தொழில், அனகாபுத்தூரின் நெசவு, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை ஆகியன இவ்வட்டாரப் பொருளியலின் அடையாளங்கள். இவற்றைச் சூழ்ந்து சிற்றுண்டிக் கடைகள், தையலகங்கள், பழுதுபார்ப்புக் கடைகள், தள்ளுவண்டிகள் எனச் சிறுதொழில்கள் இயங்குகின்றன.

தண்டலின் கணக்கு

இத்தகைய தொழில்களுக்கு எளிதில் கிடைக்கும் முதல், நாள்தோறும் வசூலிக்கப்படும் தண்டல் கடனாகும். எடுத்துக்காட்டாக, 10,000 ரூபாய்க் கடனில் 1,500 ரூபாயை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 8,500 ரூபாய் தரப்படுவதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள்களில் அக்கடன் அடைகிறது. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு வட்டி 15 விழுக்காடு எனத் தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துவருவதையும், காலம் 100 நாள்களே என்பதையும் கருத்திற்கொண்டால், ஆண்டு வட்டி ஏறத்தாழ 120 விழுக்காடாகிறது. தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டம், தண்டலையும் பெயர் சுட்டி வரையறுக்கிறது.

வட்டிச்சுமையினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. 100 நாள் தவறாது கட்டிய ஒழுங்கு எந்தக் கடன் பதிவிலும் ஏறுவதில்லை. அட்டை நிறைந்ததும் அது கிழிக்கப்படுகிறது. அடுத்த கடனுக்கும் அதே வட்டிதான்.

கடன் வரலாறு பதிவாகும் முறை

கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம் 2005இல் இயற்றப்பட்டது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்கள், வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அனுப்பும் விவரங்களைத் தொகுக்கின்றன. தனிநபரின் சிபில் மதிப்பெண் 300 முதல் 900 வரை அமையும். தனியுரிமை வணிகத்தில் உரிமையாளரும் கடையும் சட்டப்படி ஒருவரே. எனவே, உரிமையாளர் வாங்கிய நகைக்கடனும் இருசக்கர வாகனக் கடனும், பிறருக்கு அவர் இட்ட பிணைக் கையெழுத்தும் கூடக் கடைக்கான கடனைத் தீர்மானிக்கின்றன.

அமெரிக்காவில், 1841இல் தோன்றிய வணிகத் தகவல் முகமையின் வழிவந்த டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் நிறுவனம், சரக்கு வழங்குவோரிடம் கடைக்காரர் பணம் கட்டும் முறையையும் பதிவு செய்கிறது. நம் சூழலில் மொத்த வணிகர் நம்பித் தரும் சரக்குக் கடன், பெரும்பாலும் அவருடைய பேரேட்டோடு நின்றுவிடுகிறது. ஆகவே, அயல்நாட்டு வழிகாட்டி நூல்களின் அறிவுரையை அப்படியே இங்குப் பொருத்த இயலாது.

ஆயத்த நிலைகள்

முதலாவது, அடையாளம். 2020 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள உத்யம் பதிவு கட்டணமற்றது. இதனுடன் மாநகராட்சித் தொழில் உரிமமும் இருந்தால், கடையின் பெயரில் நடப்புக் கணக்குத் தொடங்குதல் எளிதாகும்.

இரண்டாவது, பிரிப்பு. குடும்பச் செலவும் கடை வரவும் ஒரே கணக்கில் கலந்திருந்தால் விற்பனையின் அளவு புலப்படாது. யுபிஐ வழி வரும் பணம் மகனுடைய சேமிப்புக் கணக்கில் சேருமாயின், கடையின் வருவாய் மகனின் வரலாறாகிவிடும். ரொக்க விற்பனையையும் அவ்வப்போது கடைக் கணக்கில் செலுத்துதல் வேண்டும்.

மூன்றாவது, ஏடு. நாள்வரவு, கொள்முதல், நிலுவை ஆகியவற்றை ஓராண்டேனும் தொடர்ந்து எழுதிவருதல் வேண்டும். வருமான வரி அறிக்கையும் அதனோடு ஒத்திருத்தல் வேண்டும்.

நான்காவது, சரிபார்ப்பு. ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையைக் கட்டணமின்றி வழங்கவேண்டும் என்பது 2017 முதல் உள்ள விதி. அடைத்த கடன் நிலுவையில் இருப்பதாகக் காட்டப்பட்டால், விண்ணப்பிக்கும் முன்னரே திருத்தம் கோரலாம். அசலில் ஒரு பகுதியைத் தள்ளுபடி பெற்று முடித்த கடன், முழுமையாக அடைத்த கடனாகப் பதிவாவதில்லை என்பதும் அறியத்தக்கது.

ஐந்தாவது, படிப்படியான கடன். தெருவோர வணிகர்களுக்காக 2020இல் தொடங்கப்பட்ட பி.எம். ஸ்வநிதித் திட்டம் இதற்குத் தக்க சான்று. முதலில் 10,000, அதனை உரிய காலத்தில் அடைத்தால் 20,000, பின்னர் 50,000 ரூபாய் என அது அமைந்தது. 2025இல் முதலிரு தவணைகள் 15,000, 25,000 ரூபாயாக உயர்த்தப்பட்டன. முத்ரா திட்டத்தின் சிசு பிரிவு 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கடன் வழங்குகிறது. தேவைக்கு மேல் வாங்காமல் தவணை தவறாது கட்டிய சிறுகடனே அடுத்த கடனுக்குச் சான்றாகிறது.

முடிவுரை

தண்டல் கட்டத் தெரிந்த வணிகருக்குத் தவணை ஒழுங்கைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. அவ்வொழுங்கு பதிவாகும் இடத்திற்கு அவர் மாறவேண்டும். அம்மாற்றம் ஓரிரு ஆண்டுகள் பிடிக்கும்; எனவே பணமுடை வந்தபின் தொடங்கினால் பயன் தராது. வணிகரின் முயற்சி மட்டும் இதற்குப் போதாது. சரக்குக் கடனைப் போன்ற நம்பிக்கை உறவுகளையும் கடன் வரலாற்றில் சேர்க்கும் வழிமுறைகள், பொருளியல், சமூகவியல் துறை ஆய்வாளர்கள் மேலும் ஆராயத்தக்கவை.