ஆற்றங்கரை வெண்கூழாங்கல்

காவிரி மணலில் வெறுங்காலுடன் நடந்தவர், உள்ளங்காலை உறுத்தும் வெள்ளைக் கூழாங்கல்லை அறிவர். ஊரார் அதனை வெங்கச்சங்கல் என்பர். நூலார் குவார்ட்ஸ் என்பர்.

நான் ஆசிரியப் பணியில் புகுந்த புதிதில், மாணவன் ஒருவன் அத்தகைய கல்லொன்றைக் கொணர்ந்து, "ஐயா, இஃது என்ன கல்?" என வினவினான். வெண்மையையும் வழவழப்பையும் மட்டும் கண்டு, "சலவைக்கல்" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் அவன் அக்கல்லை உடைத்து, ஒரு கண்ணாடிச் சில்லுடன் வந்து நின்றான். உடைந்த முனையால் கண்ணாடியில் கோடு இழுத்தான், விரலால் துடைத்தான். கோடு அழியவில்லை. வகுப்பின் முன்னிலையில் என் பிழையை ஒப்புக்கொண்டேன். வேறு வழி?

துடைத்துப் பார்த்தானே, அதுதான் சோதனையின் உயிர். மென்மையான கல்லும் கண்ணாடியில் கோடு இடும்; ஆனால் அது கல்லின் பொடி, துடைத்தால் போய்விடும். மோஸ் அளவையில் சலவைக்கல்லின் கடினம் 3, கண்ணாடி ஏறத்தாழ 5½, குவார்ட்ஸ் 7. கண்ணாடி கீறியதும் வைரம் என்று துள்ள வேண்டா; வைரத்தின் கடினம் 10. பள்ளி ஆய்வுக்கூடத்தில் நீர்த்த ஹைடிரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விடுங்கள். சலவைக்கல் நுரைக்கும், குவார்ட்ஸ் வாளா இருக்கும். புறத்தோல் மங்கியும் இரும்புக் கறையால் மஞ்சளாகவும் இருக்கலாம். உடைந்த முகமோ கண்ணாடிபோல் பளபளத்து, சிப்பியின் உட்புறம்போல் வளைந்திருக்கும். இருட்டறையில் இரண்டு கற்களை அழுத்தி உரசினால் மங்கிய ஒளி தோன்றும். சிறுவர்க்கு இதைவிட இன்பம் வேறில்லை.

ஆற்றில் இக்கல் மிகுந்திருப்பது ஏன்? கருங்கல் வகைகளிலுள்ள ஃபெல்ஸ்பார் நாளடைவில் களிமண்ணாகிவிடும். குவார்ட்ஸ் எளிதில் சிதையாது. பாறை வெடிப்புகளில் படிந்த வெள்ளை நரம்புகள் உடைந்து நீரில் உருளும்பொழுது, மோதலை முதலில் ஏற்பவை முனைகளே. ஆகவே அவை முதலில் தேய்கின்றன.

ஆயினும், உருண்டையான கல்லெல்லாம் இப்போதைய ஆறு உருட்டியது என எண்ணற்க. கொசஸ்தலையாற்றை அடுத்த அத்திரம்பாக்கத்தில் 1863-ஆம் ஆண்டு இராபர்ட் புரூஸ் ஃபூட் கண்ட பழைய கற்கருவிகள், குவார்ட்ஸ் மணல் இறுகியுண்டான குவார்ட்சைட்டால் ஆனவை. அவ்வட்டாரக் குன்றுகளிலுள்ள குவார்ட்சைட் கூழாங்கற்கள் மிகப் பழங்காலத்து நீரில் உருண்டு, பாறைக்குள் புதைந்து, அப்பாறை சிதைந்தபின் மீண்டும் வெளிவந்தவை.