கதையில் இருந்தவர் மேடைக்கு வந்தார்

1996-இல் எச்.ஓ.டி. என்ற ஐவர் பாடகர் குழு வந்ததும் தென்கொரியப் பள்ளி மாணவிகளுக்குப் பித்துப் பிடித்தது. அரங்கு முழுக்க வெள்ளை பலூன்கள். வீட்டில் இன்னொரு வேலை நடந்தது: குழுவின் இரண்டு பையன்களைக் காதலர்களாக்கிக் கதை எழுதுவது. 'ஃபேன்ஃபிக்' என்று அதற்குப் பெயர். கணினியில் எழுதியதை அச்செடுத்து வகுப்பில் கைமாற்றிப் படித்தார்கள். தம் நாயகன் பக்கத்தில் வேறொரு பெண்ணைப் பார்க்கச் சகிக்காமல் எழுதினார்கள் என்று சொல்வதுண்டு. அது பாதி விளக்கம்தான். காதல் கதைகளில் பெண்ணுக்கென்று ஒதுக்கிய இடம் பிடிக்காதவர்கள், சரிசமமான இருவரின் காதலை எழுதிப் பார்த்தார்கள் என்றே எனக்குப் படுகிறது. அந்த வாசகிகளில் சிலர் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு தங்களுக்குள் காதலிக்கவும் செய்தார்கள். 'ஃபேன்ஃபிக் இபான்' (இபான் என்றால் தன்பால் ஈர்ப்பாளர்) என்ற பட்டப்பெயரும் ஏளனமும் அவர்களுக்குக் கிடைத்தன.

அந்தக் கதைகள் ஓகோவென்று ஓடிய காலத்தில்தான், 2000-இல், நடிகர் ஹாங் சொக் சொன் தாம் தன்பால் ஈர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்னார். குழந்தைகள் நிகழ்ச்சியிலிருந்து அவரை நீக்கினார்கள். மற்ற வாய்ப்புகளும் போயின. கற்பனைக் காதலர்களுக்குக் கண்ணீர் விட்ட நாடு, நிஜ மனிதரை வீட்டுக்கு அனுப்பியது. இசை நிறுவனங்களோ கணக்கில் கெட்டி. 2006-இல் எஸ்.எம். என்டர்டெயின்மென்ட் தானே ஃபேன்ஃபிக் போட்டி நடத்தியது. மேடையில் பையன்கள் கட்டிப்பிடித்துக்கொள்வது 'ஃபேன் சர்வீஸ்' ஆயிற்று. விற்கும்வரை யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

2018 ஜனவரியில் ஹாலண்ட் என்ற இளைஞர் நிறுவனம் எதுவும் பின்னால் இல்லாமல், தன்பால் ஈர்ப்பாளர் என்று அறிவித்துக்கொண்டே அறிமுகமானார். முதல் பாடலின் காணொளியில் ஆணும் ஆணும் முத்தமிட்டதால் 19 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அது மறுக்கப்பட்டது. அடுத்த இசைத் தொகுப்புக்கு ரசிகர்களே பணம் திரட்டிக் கொடுத்தார்கள்; வெளிநாட்டு ரசிகர்கள் அதில் ஏராளம். 2022-இல் 'செமான்டிக் எரர்' தொடரில் ஆணைக் காதலிப்பவராக நடித்த பார்க் ஜே சான், தம் டி.கே.ஸி. குழுவுக்கே புதுவாழ்வு கொடுத்தார். நடிப்பு அளவில் என்றால் இப்போது அது லாபம்தான்.

பாடகர் குழுவில் இருந்துகொண்டே நிஜமாகச் சொல்ல 2025 ஆக வேண்டியிருந்தது. மார்ச்சில் 'கேட்ஸ்ஐ' குழுவின் லாரா, ரசிகர்களோடு பேசும் செயலியில் தாம் தன்பால் ஈர்ப்பு உள்ளவர் என்று சொன்னார். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அமெரிக்கப் பெண் அவர். ஏப்ரலில் 'ஜஸ்ட் பி' குழுவின் பெயின், நிகழ்ச்சிக்கு நடுவே மைக்கைப் பிடித்து அதையே சொல்லிவிட்டு லேடி காகாவின் பாடலைப் பாடினார். அரங்கம் ஆர்ப்பரித்தது. அது லாஸ் ஏஞ்சலஸ் அரங்கம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சியோலில் சொல்லியிருந்தால் அதே ஆர்ப்பரிப்பு கேட்டிருக்குமா என்பது சந்தேகமே.

ரசிகர்கள் மாறிய வேகத்தில் சட்டம் மாறவில்லை. கொரிய ஆண் பாடகர்கள் கட்டாய இராணுவச் சேவைக்குப் போகிறார்கள். ஆணோடு ஆண் உறவுக்கு 2 ஆண்டுவரை சிறை என்னும் பிரிவு இராணுவக் குற்றச் சட்டத்தில் இருக்கிறது. அரசியல் சாசன நீதிமன்றம் 2023-இலும் அதைச் செல்லும் என்றது. பாகுபாட்டைத் தடுக்கும் பொதுச் சட்ட வரைவு 2007-இலிருந்து நாடாளுமன்றத்துக்கு வந்து வந்து போகிறது. இன்னும் நிறைவேறவில்லை.