வீதியோரக் கல்லும் வரலாறுதான்

திருநெல்வேலியில் தங்கி, கோப்பாய் ஆசிரியர் கலாசாலைக்குச் சைக்கிளில் போய்வந்த காலத்தில்தான் சுமைதாங்கிக் கற்களைக் கவனிக்கத் தொடங்கினேன்.

இரண்டு தூண்கள், மேலே குறுக்காக ஒரு கல். தலைச்சுமையோடு நடந்து வருபவர் யாருடைய உதவியுமின்றிச் சுமையை இறக்கி, இளைப்பாறி, மீண்டும் எடுத்துச் செல்லலாம். கர்ப்பிணியாகவே இறந்துபோன பெண்ணின் நினைவாக இதனைக் கட்டுவது வழக்கம். அவள் இறக்கிவைக்க முடியாமற்போன சுமைக்கு ஈடாக ஊராரின் சுமையைத் தாங்கும் கல் அது. பக்கத்தில் மாடுகள் உடம்பை உரசிக்கொள்ள ஆவுரஞ்சிக் கல்லும் இருப்பதுண்டு. பருத்தித்துறையில் வீதியின் மேலேயே கூரையிட்டு நிற்கும் தெருமூடி மடமும் வழிப்போக்கர்களுக்கான தர்மமே. நாம் ‘சதக்கத்துல் ஜாரியா’ என்போமே, அதுபோல.

லொறிகள் வந்தபின் தேவை குறைந்தது. வீதியை அகலிக்கும்போது கல்லும் போய்விடுகிறது. விளக்கப் பலகை இல்லாவிட்டால் அது வெறும் கல்தான். சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் பொறிக்கப்பட்ட 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு, 1911இல் காலியில் ஒரு மதகின் மூடுகல்லாகத்தான் கண்டெடுக்கப்பட்டது. இன்று அது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது.

யாழ்ப்பாணம் சோனகத் தெருவுக்கும் இது பாடம். 1990 ஒக்டோபர் 30இல் இரண்டு மணிநேர அவகாசத்தில் நம்மவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். புத்தளத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தத் தெருவில் எது எங்கே இருந்தது என்று தெரியாது. தெரிந்த மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி, மூன்று மொழிகளில் சிறு பலகைகள் நடுவோம். வழியில் தனித்து நிற்கும் சுமைதாங்கிக்கும் சேர்த்தே நடுவோம்.