கைப்பேசி வரவெல்லாம் விற்பனையா?

2025-ஆம் ஆண்டு ஜூலை மாதம் பெங்களூரு நகரில் பெட்டிக்கடை, பேக்கரி, காய்கறிக்கடை, பால்கடை நடத்துவோர் ஆயிரக்கணக்கானோருக்குக் கர்நாடக வணிகவரித் துறையிலிருந்து நோட்டீஸ் போனது. 2021-22 முதல் 2024-25 வரை யு.பி.ஐ. வழியாக அவர்கள் கணக்கில் வந்த தொகையைக் கூட்டிப் பார்த்து, வரம்பைத் தாண்டியும் ஜி.எஸ்.டி. பதிவு செய்யாதது ஏன் என்று கேட்ட நோட்டீஸ் அது. சிலருக்கு வரி, வட்டி, அபராதம் என்று லட்சக்கணக்கில் போடப்பட்டிருந்தது. பல கடைகளில் கியூ.ஆர். அட்டையைக் கழற்றிவிட்டு 'ரொக்கம் மட்டும்' என்று எழுதி ஒட்டிவிட்டார்கள். 25-ஆம் தேதி கடையடைப்பு என்றும் அறிவித்தார்கள். 23-ஆம் தேதியன்று முதலமைச்சர் சித்தராமையா வணிகர் பிரதிநிதிகளை அழைத்துப் பேசினார். பழைய பாக்கியை வசூலிப்பதில்லை, ஆனால் வரம்பைத் தாண்டியவர்கள் இனிப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று அவர் சொன்னபின் கொந்தளிப்பு அடங்கியது.

அது அண்டை மாநிலத்துச் சமாச்சாரம் என்று நாம் இருந்துவிட முடியாது. நம் கல்லாப்பெட்டிக்கு அருகிலும் அதே அட்டைதான் தொங்குகிறது. பணம் வாங்குவதற்காக வைத்த ஒரு கருவியின் பதிவை வரி போடுவதற்கு எடுத்துக்கொள்வது முறையா, எடுத்துக்கொண்டால் எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை வணிகர்களாகிய நாம்தான் பேசவேண்டும்.

முதலில் துறையின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுவோம். பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் ரூ.40 லட்சம், சேவைத் தொழிலுக்கு ரூ.20 லட்சம் என்பது வரம்பு. ரொக்கமாக வந்தாலும் கைப்பேசியில் வந்தாலும் விற்பனை விற்பனைதான். விவரம் கேட்டுப் பெறும் அதிகாரமும் சட்டத்தில் இருக்கிறது. மொத்த வியாபாரிகளாகிய நமக்கு இன்னொன்றும் தெரியும். ஒரே தெருவில் ஒருவர் பதிவு செய்து வரி கட்டி விற்கிறார். எதிர்க்கடைக்காரர் அதே அளவு விற்றும் பதிவே செய்யாமல், பில் இல்லாத சரக்கு எங்கே கிடைக்கும் என்று தேடிக்கொண்டு நம்மிடமும் வந்து நிற்கிறார். இரண்டு ரூபாய் குறைத்து விற்பது அவருக்குச் சுலபம். நஷ்டம் யாருக்கு? ஒழுங்காக இருப்பவருக்குத்தானே!

ஆனால் கைப்பேசிக்கு வந்த பணமெல்லாம் விற்பனை என்று கொள்வது என்ன கணக்கு? சீட்டுப் பணம் வருகிறது. மைத்துனர் கொடுத்த கைமாற்று வருகிறது. கையில் ரொக்கம் வேண்டும் என்று வாடிக்கையாளர் ஐந்நூறு ரூபாயை நமக்கு அனுப்பிவிட்டு ஐந்நூறு ரூபாய் நோட்டாக வாங்கிப் போகிறார். பக்கத்துக் கடையில் அட்டை வேலை செய்யவில்லை என்றால் அவர் பணமும் நம் கணக்கில் விழுகிறது. கைப்பேசிக்கு ரீசார்ஜ் போட்டுக் கொடுப்பவருக்கு முழுத் தொகையும் வரவில் தெரிகிறது, அவருக்கு நிற்பதோ சொற்பக் கமிஷன். இயந்திரத்துக்கு இவையெல்லாம் ஒன்றுதான்.

விற்பனைவரிக் காலத்தில் அதிகாரி கடைக்கு வந்து நாள்வழியையும் பேரேட்டையும் புரட்டுவார். 'இது என்ன வரவு?' என்று விரலை வைத்துக் கேட்பார். பக்கத்தில் நின்று நாம் பதில் சொல்வோம். சில சமயம் அந்தப் பதில் அவருக்குப் பிடிக்காது, அது வேறு கதை. ஆனாலும் கணக்கு எழுதியவன் பேசுவதற்கு இடம் இருந்தது. இப்போது நம் கணக்கு நம்மை விட்டுவிட்டுத் தனியாகப் போய் அலுவலகத்தில் சாட்சி சொல்கிறது. அனுப்பியது விளக்கம் கேட்கும் நோட்டீஸ்தான், இறுதி உத்தரவு அல்ல என்று துறை பின்னால் சொன்னது. அப்படியானால் பிரித்துக் காட்டும்படி கேட்டிருக்க வேண்டும். தொகையைப் போட்டுவிட்டுக் கேட்பது எந்த ஊர் வழக்கம்?

ரூ.40 லட்சம் என்றால் பெரிதாகத் தெரிகிறது. நாளொன்றுக்குப் பதினோராயிரத்துக்கும் சற்றுக் குறைவான விற்பனை, அவ்வளவுதான். நூற்றுக்கு எட்டு ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு ரூ.3,20,000. அதில்தான் வாடகை, மின்சாரம், பையன் சம்பளம், வீட்டுச் செலவு எல்லாம். இவரிடம் நான்கு ஆண்டு வரியை ஒரே தாளில் கேட்டால் அவர் கடையைப் பூட்டத்தான் வேண்டும்.

நமக்கு உறுத்துவது இந்த நான்கு ஆண்டு மௌனம்தான். 2020 ஜனவரி முதல் யு.பி.ஐ. வரவுக்கு வணிகரிடம் கட்டணம் இல்லை என்று அரசே அறிவித்து, எல்லோரையும் அட்டை மாட்டச் சொன்னது. நாமும் மாட்டினோம். 2021-22 கணக்கு அந்த ஆண்டு முடிந்ததும் கூட்டிப் பார்க்கக் கூடியதுதான். 'ஐயா, வரம்பை நெருங்குகிறீர், பதிவு செய்துகொள்ளும்' என்று 2022-லேயே ஒரு கடிதம் வந்திருந்தால் பாதிப் பேர் பதிவு செய்திருப்பார்கள். பதிவை எதற்குப் பயன்படுத்துவோம் என்று முன்கூட்டியே சொல்லவேண்டும், முதல் ஆண்டு எச்சரிக்கையோடு விடவேண்டும், வரவைப் பிரித்துக் காட்ட அவகாசம் தரவேண்டும். நம் சங்கங்கள் அரசிடம் கேட்கவேண்டியவை இவை.

அட்டையைக் கழற்றுவது பரிகாரம் ஆகாது. இளவயதுக்காரர்கள் பலர் கையில் காசே வைத்திருப்பதில்லை, அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். மேலும், மறைக்க ஏதோ இருக்கிறது என்று நாமே எழுதி ஒட்டியது போல் ஆகிவிடும்.

வரம்பு பற்றிப் பலருக்கும் ஒரு மயக்கம் இருக்கிறது. காய்கறி, பால் போன்ற வரியில்லாப் பொருள் மட்டும் விற்பவர் எவ்வளவு விற்றாலும் பதிவு தேவையில்லை. ஆனால் அதோடு பிஸ்கட்டும் சோப்பும் வைத்தால், வரியில்லாப் பொருளின் விற்பனையும் சேர்ந்தே 40 லட்சம் கணக்காகும். வரம்பைத் தாண்டுகிற சில்லறைக் கடைக்காரருக்கு ரூ.1.5 கோடி வரை இணக்க வரி முறை உண்டு. வரிக்குரிய விற்பனையில் 1 சதவீதம் கட்டினால் போதும். வாடிக்கையாளரிடம் அதைத் தனியாக வசூலிக்கவும் கூடாது, நாம் சரக்குக்குக் கட்டிய வரியைக் கழிக்கவும் முடியாது. வெளிமாநிலத்துக்கு விற்பவருக்கு அது கிடையாது.

கடைக்கென்று தனி வங்கிக் கணக்கும் தனி அட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். சீட்டுப் பணமும் கைமாற்றும் வீட்டுக் கணக்கிலேயே வரட்டும். கொள்முதல் பில்களை ஆண்டுவாரியாகக் கட்டி வையுங்கள். நோட்டீஸ் வந்தால் மேசை அறையில் போட்டு மூடாமல், குறித்த நாளுக்குள் பதில் எழுதி, அதன் நகல் ஒன்றை நம் சங்கத்துக்கும் அனுப்புங்கள்.