பன்னிரண்டு மாத்திரைகள்

1891 மார்ச் 13. லண்டன் சோஹோவில் ராயல்டி தியேட்டர். பொதுமக்களுக்கு டிக்கெட் கிடையாது. சந்தா கட்டியவர்களும் அழைப்பு வந்தவர்களும் பார்ப்பதற்காக ஒரே ஒரு காட்சி. ஹாலந்திலிருந்து வந்து குடியேறிய ஜே. டி. கிரைன் தொடங்கிய இண்டிபென்டென்ட் தியேட்டர் என்ற சிறு சங்கத்தின் முதல் நாடகம் அது. அங்கே அப்போது நாடகம் போட லார்ட் சேம்பர்லைன் அலுவலகத்தின் உரிமம் வேண்டும். (அதே அரசு நம் ஊர் நாடகங்களுக்கு 1876இலேயே ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தது.) சங்க உறுப்பினர்களுக்கான தனிக்காட்சி என்றால் உரிமம் தேவையில்லை. அந்தச் சந்து வழியாக உள்ளே வந்தது நார்வே நாடகாசிரியர் இப்சனின் 'பேய்கள்'.

மேடையில் ஒரே வீடு, ஐந்தே பேர். செத்துப்போன கணவர் பெயரில் அநாதை இல்லம் கட்டித் திறக்கப்போகிறாள் ஆல்விங் அம்மாள். ஊர் கும்பிட்ட அந்தக் கணவர் குடியிலும் பெண்களிடமும் காலம் கழித்தவர். கல்யாணமான ஒரு வருஷத்தில் அவள் வீட்டை விட்டு ஓடி, பாதிரியார் மாண்டர்ஸிடம் அடைக்கலம் கேட்டாள். அவர் புத்தி சொல்லித் திருப்பி அனுப்பினார். இப்போது பாரிஸிலிருந்து மகன் ஆஸ்வால்ட் வந்திருக்கிறான், அப்பாவின் நோயோடு. அவன் விரும்பும் வேலைக்காரப் பெண்ணும் அப்பாவுக்குப் பிறந்தவள்தான். அந்த நோயின் பெயரை நாடகத்தில் யாரும் ஒரு தடவைகூடச் சொல்வதில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் விளங்கியது: சிபிலிஸ்.

மறுநாள் முதல் பத்திரிகைகள் கொதித்தன. டெய்லி டெலிகிராப் தலையங்கம் இதைத் திறந்து கிடக்கும் சாக்கடை என்றது, கட்டுப் பிரித்துப்போட்ட புண் என்றது. நாடகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த வில்லியம் ஆர்ச்சர் அசரவில்லை. வசைகளையெல்லாம் பொறுக்கிச் சேர்த்து அடுத்த மாதமே பால் மால் கெஜட்டில் அச்சேற்றினார். திட்டியவர்களையே வரிசையில் நிற்க வைத்து ஊருக்குக் காட்டும் இந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது.

வசை லண்டனோடு நிற்கவில்லை. லண்டனில் தொடங்கவும் இல்லை. 1881 டிசம்பரில் புத்தகமாக வந்தபோது அடித்தது 10,000 பிரதிகள். கடைக்காரர்கள் கட்டுக்கட்டாகத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த பதிப்பு வர 1894 ஆயிற்று. ஸ்காண்டிநேவிய அரங்குகள் கதவை அடைத்ததால் நாடகம் முதலில் மேடையேறியது கடல் தாண்டி, 1882இல் சிகாகோவில், குடியேறிய நார்வே, டென்மார்க் மக்கள் முன்னால்.

2013இல் அதே லண்டன். இஸ்லிங்டன் பகுதியில் அல்மெய்டா என்ற சின்ன அரங்கம். ரிச்சர்ட் ஐர் நாடகத்தைச் சுருக்கி, இடைவேளை இல்லாமல் ஒன்றரை மணி நேரமாக்கினார். ஆல்விங் அம்மாளாக லெஸ்லி மான்வில். சாக்கடை என்று யாரும் சொல்லவில்லை. பெரிய அரங்குக்கு மாறிப் போயிற்று, அடுத்த ஆண்டு மூன்று ஆலிவியர் விருதுகள்.

சபையோரின் உணர்ச்சி இடம் மாறிவிட்டது. அநாதை இல்லத்துக்கு இன்ஷூரன்ஸ் எடுத்தால் கடவுள்மேல் நம்பிக்கை இல்லை என்று ஊர் பேசுமே எனப் பாதிரியார் தயங்கும் இடத்தில் இன்று சிரிப்பு வருகிறது. கட்டிடம் எரிந்து சாம்பலாகும்போது இன்னும் சிரிப்பு. நோய்க்கும் பழைய பயம் போயிற்று. பெனிசிலினுக்குப் பிறகு அது மருந்துச்சீட்டில் அடங்கும் சங்கதி. (எண்பதுகளில் எய்ட்ஸ் வந்து அந்தப் பயத்தைக் கொஞ்சகாலம் திருப்பிக் கொடுத்தது.)

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். சாக்கடை என்று கத்தியவர் தன் வீட்டு முற்றத்தில் அந்த நாற்றத்தை உணர்ந்துதான் கத்தியிருப்பார். இன்று எழுந்து நின்று கைதட்டுகிறவருக்கு அது வேறு யாரோ ஒருவரின் வீடு, நூற்றிச் சொச்சம் வருஷத்துக்கு முந்தியது. நாடகத்தை இருவரில் யார் சரியாகக் கேட்டார் என்றால், நான் கத்தியவர் பக்கம்தான் சாய்வேன்.

கடைசிக் காட்சி வரைக்கும்தான் இந்த விலகல். ஆஸ்வால்ட் சட்டைப்பையில் பன்னிரண்டு மார்பின் மாத்திரைகள் சேர்த்து வைத்திருக்கிறான். அடுத்த தாக்குதல் வந்து நான் மூளை கலங்கிக் குழந்தையாகிவிட்டால் நீயே இதைக் கொடுத்துவிடு என்று அம்மாவிடம் கேட்கிறான். விடிகிறது, தாக்குதல் வந்துவிடுகிறது. மாத்திரைகளோடு அவள் நிற்கிறாள். இந்த இடத்தில் இன்றைய அரங்கில் யாருக்கும் சிரிப்பு வராது. படுத்த படுக்கையான பெற்றோரை, நினைவு தப்பிய துணையை வைத்திருக்கிறவர்கள் எந்தச் சபையிலும் நாலு பேராவது இருப்பார்கள். 2024 நவம்பரில், குணமாகாத நோயாளி தன் சாவுக்கு உதவி கேட்கலாமா என்ற மசோதா பிரிட்டிஷ் மக்களவைக்கு வந்தது. ஆதரவு 330, எதிர்ப்பு 275.

அவள் கொடுத்தாளா, இல்லையா? ஆர்ச்சர் இதை இப்சனிடமே கேட்டார். அதை நான் எப்படித் தீர்மானிப்பது, அவரவர்தான் முடிவு செய்துகொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார் அவர்.