அனுபவம் இருக்கிறது, அத்தாட்சி எங்கே?

இருபது ஆண்டுகள் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவரிடம் "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டால் தம் கைகளைக் காட்டுவார். ஆள் எடுப்பவரோ சான்றிதழைக் கேட்பார். அது மெய்யானதா என்றும் பார்ப்பார். நம் கலந்துரையாடலில் நடுத்தர வயது நேயர்களை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான்.

சிங்கப்பூரில் 2019ல் 'ஓப்பன்சர்ட்ஸ்' அறிமுகமானது. தொழில்நுட்பக் கல்விக் கழகம், பலதுறைத் தொழிற்கல்லூரி, பல்கலைக்கழகம் போன்றவற்றில் தேர்ச்சி பெறுவோருக்குச் சான்றிதழ் இப்போது கணினிக் கோப்பாகவும் கிடைக்கிறது. கோப்பு உங்களிடமே இருக்கும். அதன் கைரேகை போன்ற ஓர் அடையாளம் மட்டும் 'பிளாக்செயின்' எனும் பொதுப் பதிவேட்டில் ஏறியிருக்கும். முதலாளி அந்தக் கோப்பை ஓப்பன்சர்ட்ஸ் இணையத்தளத்தில் போட்டால், யார் வழங்கியது, இடையில் யாராவது கைவைத்தார்களா என்பது சில நொடிகளில் தெரிந்துவிடும். 'சி'யை 'ஏ' ஆக்கினால் கைரேகை ஒத்துப்போகாது. நகல் எடுத்து முத்திரை குத்த அலைந்த எங்களுக்கு இதைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமைதான்!

ஆனால் இதெல்லாம் சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு. எங்கே, எத்தனை ஆண்டு வேலை செய்தீர்கள் என்பதை ஒரு பதிவு சொல்லலாம். பழுதான பம்பின் சத்தத்தைக் கேட்டே கோளாற்றைக் கண்டுபிடிப்பீர்கள் என்பதை அது சொல்லாது. ஆட்குறைப்பு வரும்போது அடிபடுவது இப்படிப்பட்டவர்கள்தான்.

இவர்களுக்கு ஒரு வழி உண்டு, பலருக்கு அது தெரிவதில்லை. 2005ல் தொடங்கிய 'டபிள்யூஎஸ்கியூ' எனும் ஊழியர் திறன் தகுதித் திட்டத்தில், சில பாடங்களுக்கு வகுப்பில் உட்காராமல் மதிப்பீட்டுக்கு மட்டும் போகலாம். செய்து காட்ட வேண்டும், கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். தேறினால் சான்றிதழ் உங்கள் பெயரில். எந்தப் பாடத்துக்கு இந்த வசதி உண்டு என்பதைப் பயிற்சி நிலையத்திடம் நேரடியாகக் கேளுங்கள். ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் பிள்ளைகளை உடன் அழைத்துப் போங்கள், வெட்கம் வேண்டாம்.

சிங்பாஸ் கொண்டு 'மைஸ்கில்ஸ்ஃபியூச்சர்' தளத்துக்குள் நுழைந்து, உங்கள் பெயரில் என்னென்ன பதிவாகியுள்ளன என்று ஒருமுறை பாருங்கள். முடித்த பயிற்சி ஏதாவது விடுபட்டிருந்தால் நடத்திய நிலையத்திடம் இப்போதே விசாரியுங்கள். நிலையத்தை மூடிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது?